கப்பல் படம் போட்ட பாட்டில்

சண்முகத்தாய் ஆமத்தூரில் பிறந்தவள். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைத்தார்கள். மழை பொய்த்து, காட்டுக்காரர்களே வேலைக்கு ஆள் வேண்டாம் என்று கையை விரித்த பிறகு குடும்பம் நாரணாபுரத்துக்கு வந்தது. பல் விழுந்து முளைக்கிற வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க உட்கார்ந்தாள். ஊர்க்காவலனுக்கு வாக்கப்பட்ட பிறகு பட்டாசுக் கம்பெனிக்கு மாறினாள். அங்கே சரம் பின்னுகிற வேலை. ஊர்க்காவலனும் அதே கம்பெனிக்குத்தான் லோடு ஏற்றினான். ஒரே மகளைத் திருத்தங்கலில் கட்டிக்கொடுத்தார்கள். அதோடு பெரிய காரியமெல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்தாள்.

கம்பெனி முதலாளி ரத்தினசாமிக்கு ஒரே மகன் செழியன். அவனுக்குக் கோயம்புத்தூரிலிருந்து பெண் எடுத்தார்கள். பானுப்பிரியா என்று பேர், காலேஜ் படித்த பிள்ளை. அவளுக்குக் குழந்தை பிறந்ததும் பார்த்துக்கொள்ள இரண்டு ஆயாக்களை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேருமே முதலாளியம்மா கற்பகவல்லியின் வாய்க்கு நிற்கவில்லை. கற்பகவல்லி ஒரு நாள் கம்பெனிக்கே வந்து சரம் பின்னுகிற ஷெட்டின் வாசலில் நின்று, "இதுல எதுத்துப் பேசாதவ யாரு?" என்று கேட்டாள். போர்மேன் சங்கிலிமுத்து சண்முகத்தாயைக் காட்டினான்.

குழந்தைக்கு சினேகா என்று பேர் வைத்திருந்தார்கள். பால் குடி மறக்கும்போதே அது சண்முகத்தாயிடம் ஒட்டிக்கொண்டது. அவள் தூக்கினால்தான் சோறு இறங்கும், அவள் மடியில்தான் தூக்கம் வரும். பெற்றவளிடம் போகச் சொன்னால் கத்தும். இதனால்தான் இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக்கிடந்த நாளில் முதலாளி குடும்பம் கோவாவுக்குக் கிளம்பியபோது, சண்முகத்தாய்க்கும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று.

விமானத்தில் போகிறவள் என்று தெருவே வந்து பார்த்தது. ஷெட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னிய மூக்கம்மாள், தன் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அங்கன போயி இந்தப் பழசைக் கட்டிக்கிட்டு நிக்காத. நம்ம மானம் போயிரும்" என்றாள்.

கோவாவில் கடலைப் பார்த்த ஓட்டல். ரத்தினசாமியும் செழியனும் மத்தியானமே அறைக்குள் பாட்டிலைத் திறந்துவிடுவார்கள். கற்பகவல்லி அதைக் கண்டுகொள்ள மாட்டாள். ஆம்பிளைகள் சீசன் முழுக்க உழைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பாள். பக்கத்து மேசையில் ஒரு பெண் கிளாசை உதட்டில் வைத்தால் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவாள்.

மூன்றாம் நாள் எல்லோரும் பழைய மாதா கோயிலைப் பார்க்கப் போனார்கள். பானுப்பிரியா தலைவலி என்று சண்முகத்தாயோடும் குழந்தையோடும் ஓட்டலிலேயே இருந்துவிட்டாள். குழந்தை தூங்கியது. பானுப்பிரியா போனில் ஏதோ சொன்னாள். ஓட்டல் பையன் இரண்டு கிளாசில் சிவப்பாக எதையோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

"வாங்கக்கா, இப்படி வந்து உக்காருங்க" என்று பால்கனி நாற்காலியைக் காட்டினாள் பானுப்பிரியா. தனியாக இருக்கும்போது அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மாமியார் இருந்தால் சண்முகத்தாயி.

"நான் கீழயே உக்காருதேன் சின்னம்மா."

"அட, உக்காருங்க. இது இந்த ஊர்ல பண்ற ஒயினுங்க. வெறும் திராட்சைதான். மாமா குடிக்கிறது மாதிரி நெடி அடிக்காது. ஹாஸ்டல்ல இருக்கும்போது பொறந்த நாளுக்குக் குடிப்போம்."

"எனக்கு எதுக்கு சின்னம்மா."

"நான் மட்டும் குடிச்சா நீங்க யாருகிட்டயாவது சொல்லிருவீங்க" என்று பானுப்பிரியா சிரித்தாள்.

சண்முகத்தாய் ஒரு மடக்கு குடித்தாள். நாவல்பழத்தை உப்புப் போடாமல் தின்ற மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. பிடிக்கவில்லை. ஆனால் நாற்காலி பிடித்திருந்தது. முதலாளி வீட்டுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நாற்காலி மேல் மடக்கிப் போட்டுக்கொண்டு, தன் அம்மாவைப் பற்றி, படித்த காலேஜைப் பற்றி, இந்த வீட்டில் மூச்சுமுட்டுவதைப் பற்றிப் பேசியது பிடித்திருந்தது. நாற்பது வயது வரைக்கும் அவளிடம் யாரும் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. கிளாசைக் காலி செய்துவிட்டு, இரண்டையும் கழுவித் துடைத்து வைத்தாள்.

திரும்புகிற நாள் விமான நிலையத்தில் ரத்தினசாமியும் செழியனும் முந்திரிச் சாராயம், விஸ்கி என்று தங்களுக்கு வேண்டியதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். விமானம் வர நேரமிருந்தது. கற்பகவல்லி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பானுப்பிரியா குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும் என்று சண்முகத்தாயைக் கக்கூஸ் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ரூபாயை மடித்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"அக்கா, அந்தக் கடையில போய் ஒரே ஒரு ஒயின் வாங்கிட்டு வந்துருங்க. கீழ்த்தட்டுல கப்பல் படம் போட்டிருக்கும், சிவப்பு. கையைக் காட்டினா எடுத்துக் கொடுப்பான். உங்க பையில அடியில வச்சுக்கோங்க. என் பையை அத்தை தொறப்பாங்க."

"ஏர்போட்டுல பிடிச்சுக்கிட மாட்டாகளா சின்னம்மா?"

"எல்லாரும் வாங்குறாங்க பாருங்க. உங்களை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

கடை கண்ணாடி மாளிகை மாதிரி இருந்தது. சண்முகத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் பார்த்தாள், வாசலில் நின்றவன் போட்டுக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினான். அலமாரி அலமாரியாகப் பாட்டில்கள். கீழ்த்தட்டில் கப்பலைத் தேடிக் குனிந்தபோது கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இடித்துக் கிடித்து ஏதாவது உடைந்தால் என்ன செய்வது என்று. கப்பலைக் கண்டுபிடித்து விரலை நீட்டினாள். கடைக்காரன் இந்தியில் என்னவோ கேட்டான். அவள் மறுபடியும் விரலையே நீட்டினாள். பின்னால் நின்ற ஒருவன் தமிழ்க்காரன். "டிக்கெட்டைக் காட்டச் சொல்றாரும்மா" என்றவன், அவள் காட்டியதும், "வீட்டுக்காரருக்கா, உனக்கா?" என்று சிரித்தான்.

சின்னம்மா பேர் வெளியே வந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது. "எனக்குத்தான்" என்றாள். அவன் தன் பெண்டாட்டியைத் தொட்டு இவளைக் காட்டினான்.

சென்னை வந்து, விமானம் மாறி, மதுரையில் இறங்கி, டிரைவர் சுந்தரபாண்டி குவாலிஸ் காரைக் கொண்டுவந்து, எல்லோரும் சிவகாசிக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். சாமான்கள் எல்லாம் கூடத்தில் இறங்கின. குழந்தை சண்முகத்தாய் தோளில் தூங்கியது. வீட்டுக்குக் கிளம்பலாம் என்று குழந்தையைப் பானுப்பிரியாவிடம் கொடுத்துவிட்டுத் தன் பையை எடுத்தாள்.

"பையைக் காட்டிட்டுப் போ" என்றாள் கற்பகவல்லி.

அது வழக்கம்தான். அந்த வீட்டில் வேலை செய்கிற யாரும் பையைக் காட்டாமல் படி இறங்க முடியாது. சண்முகத்தாய்க்கு அது ஞாபகம் வராமல் போனது. வந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? கற்பகவல்லி பைக்குள் கையை விட்டு மூக்கம்மாளின் சேலையை விலக்கிப் பாட்டிலை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னது இது?"

சண்முகத்தாய் பானுப்பிரியாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கற்பகவல்லியும் திரும்பி மருமகளைப் பார்த்தாள்.

பானுப்பிரியா குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "என்னை எதுக்குப் பார்க்கறே? கடைப்பக்கம் போயிட்டு வந்தியே, இதுக்குத்தானா?" என்றாள்.

செழியன் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ரத்தினசாமி, குளிக்க வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

கற்பகவல்லி சத்தம் போடவில்லை. "சரி, வீட்டுக்குப் போ. நாளைக்குக் கம்பெனி தொறப்புப் பூஜை. புருசனையும் கூட்டிக்கிட்டு வந்துரு" என்றாள்.

பூஜைக்குக் கம்பெனி ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாமி கும்பிட்டு, வெடிமருந்து அறைக்கு எலுமிச்சம்பழம் வெட்டி, இலையில் பொங்கல் கொடுத்து முடிந்ததும் யாரையும் போகவேண்டாம் என்று சங்கிலிமுத்து சொன்னான். கம்பெனிக்குள்ளே பீடி, தீப்பெட்டி, சாராயம் எதுவும் வரக்கூடாது. அதனால் எல்லோரையும் கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே கற்பகவல்லி நின்றாள். பக்கத்தில் பானுப்பிரியா. ஸ்டூலில் அந்தப் பாட்டிலும் டீ குடிக்கிற எவர்சில்வர் டம்ளரும் இருந்தன.

"சண்முகத்தாய் நம்ம வீட்டுப் பிள்ளைய வளக்குறவ" என்று கற்பகவல்லி ஆரம்பித்தாள். பொங்கல் பானைக்கு முன்னால் பேசின அதே குரல். "நம்ம கூட பிளேன்ல வந்தா. வந்த இடத்துல ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கா. ஆசைப்பட்டதைக் கெடுக்கக் கூடாது. எல்லாரும் பாக்கக் குடிக்கட்டும். பானு, நீயே உன் கையால ஊத்திக் குடு."

பானுப்பிரியா மூடியைத் திருகினாள். முதலில் அது வரவில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துத் திருகித் திறந்தாள்.

"அம்மா, தெரியாமச் செஞ்சுட்டேன்" என்றாள் சண்முகத்தாய்.

"தெரியாம யாராச்சும் கடைக்குப் போவாகளா? குடி."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். ஊர்க்காவலன் லாரி ஓரமாக நின்றான். அவன் முகத்தைத் தூக்கவில்லை. முதல் டம்ளரைக் குடித்தாள். யாரோ ஒருத்தி சிரித்தாள், பிறகு பல பேர் சிரித்தார்கள். இரண்டாவது டம்ளரில் பாதி கழுத்து வழியே வழிந்து ரவிக்கை சிவந்தது. மூக்கம்மாளும் சிரித்துக்கொண்டே, "மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி தாயி, சுளுவா இறங்கும்" என்றாள். மூன்றாவது டம்ளரை வாங்கும்போது, "சின்னம்மா, போதும்" என்று அடிக்குரலில் சொன்னாள். பானுப்பிரியா அவளைப் பார்க்காமல் விளிம்பு வரைக்கும் ஊற்றினாள்.

இலையில் வாங்கிய பொங்கலையும் தின்னாமல், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத வயிறு. நாலாவது டம்ளர் முடிந்தபோது சண்முகத்தாய் சைக்கிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிள் சாய்ந்தது, வரிசையில் நின்ற மற்ற சைக்கிள்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. அவளும் அவற்றோடு விழுந்தாள். எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள்.

"இது எனக்கில்ல. இந்தா நிக்காகளே சின்னம்மா, இவுகதான் கேட்டாக. கப்பல் படம் போட்டது வேணும்னு காசு குடுத்தாக. இவுகளும் நானும் நாக்காலியில உக்காந்து குடிச்சோம்."

நாக்குப் புரளவில்லை. கப்பல் கப்பக் என்று வந்தது. 

"பாத்தீகளா" என்றாள் கற்பகவல்லி கூட்டத்தைப் பார்த்து. "உள்ள போயிட்டா யாரை வேணாலும் இழுக்கும். இதுக்குத்தான் பொம்பளைக்கு இது ஆகாதுங்கிறது."

இப்போது எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். பானுப்பிரியாவும் சிரித்தாள். முந்தின நாளிலிருந்து அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அந்தச் சிரிப்பில்தான் விட்டது.

ஊர்க்காவலன் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, தள்ளிக்கொண்டே நாரணாபுரம் போனான். வழியில் அவள் வாந்தி எடுத்தாள். எதிரே வந்தவர்கள் ரத்தம் என்று பயந்து நின்றார்கள். "ரத்தமில்ல, நீங்க போங்க" என்று அவன் சொல்லவேண்டி இருந்தது.

வீட்டில் அவளுக்கு மோர் கரைத்துக் கொடுத்தான். தலை தெளிந்த பிறகு கேட்டான்.

"நெசமாவே அந்தப் பிள்ளைதான் வாங்கச் சொல்லுச்சா?"

"ஆமா."

"நேத்தே ஏன் சொல்லல?"

"அவுக சொல்லுவாகன்னு இருந்தேன்."

ஊர்க்காவலன் அவளை நம்பினான். நம்பிவிட்டுத்தான் அடித்தான். கதவைத் திறந்துவைத்து, தெரு பார்க்க அடித்தான். "நாளைக்கு நான் லோடு ஏத்தப் போகணும். பெண்டாட்டியக் கண்டிக்காதவன்னு பேராச்சுன்னா அந்தக் கேட்டுக்குள்ள என்னை விடமாட்டாக" என்று, அடித்து முடித்த பிறகு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்.  அவன் சொன்னது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது.

உண்மை வெளியே வராமலும் இல்லை. பூஜை முடிந்து, மகனும் மருமகளும் வேறு வண்டியில் ஏறியிருக்க, வீட்டுக்குப் போகும்போதே ரத்தினசாமி தன் காரில் கேட்டிருக்கிறார், ஒரு வேலைக்காரிக்கு இவ்வளவு எதற்கு என்று. "அவளுக்கு ஒயினுக்கும் ஓமத்தண்ணிக்கும் வித்தியாசம் தெரியுமா? பாட்டிலைப் பாத்ததுமே யாரோடதுன்னு எனக்குத் தெரியும்" என்றாளாம் கற்பகவல்லி. "மருமகளைக் கைநீட்ட முடியுமா? அவ அப்பன் கோயம்புத்தூர்லருந்து காரைப் போட்டுக்கிட்டு வந்துருவான். இனி அவ அதைத் தொடட்டும் பாப்போம்." வண்டி ஓட்டிய சுந்தரபாண்டி இதை டீக்கடையில் சொன்னான். டீக்கடையிலிருந்து கம்பெனிக்கு வந்தது. சரம் பின்னுகிற பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது. ஆனால் அதற்குள் சண்முகத்தாய்க்கு 'ஒயினு' என்று பேர் விழுந்துவிட்டது. விழுந்த பேரை யார் மெனக்கெட்டு எடுப்பார்கள்? விஷயம் தெரிந்தவர்களும் ஒயினு என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்தங்கலில் மகளின் மாமியார் அந்தத் தைப்பொங்கலுக்கு மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. குடிக்கிறவள் வீட்டில் கைப்பிள்ளையோடு எப்படி விடுவது என்று கேட்டு ஆள் அனுப்பினாள்.

சினேகா இரண்டு நாள் சோறு தின்னாமல் கத்தியது என்று கேள்விப்பட்டு சண்முகத்தாய் முதலாளி வீட்டுப் பின்வாசலில் போய் நின்றாள். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சமையற்காரி வந்து, போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். மூன்றாம் நாள் குழந்தை சாப்பிட ஆரம்பித்துவிட்டது.

பழையபடி சரம் பின்னலாம் என்று கம்பெனிக்குப் போனாள். கேட்டில் சங்கிலிமுத்து மறித்தான்.

"பெரியம்மா ஒண்ணும் சொல்லல தாயி. வேலைக்காரிதானே, வந்தா வரட்டும்னுட்டாக. சின்னம்மாதான் ஒரே பிடியா நிக்காக. உன்னைப் பாத்தாலே அவுகளுக்கு ஆகலையாம். கம்பெனிக்கு வந்தாலும் நீ கண்ணுல படக்கூடாதாம்."

"நான் அவுகளை ஒண்ணும் கேக்கமாட்டேனே."

"கேக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியணுமில்ல."

மற்றக் கம்பெனிகளிலும் அலைந்து பார்த்தாள். அந்த வட்டாரத்தில் போர்மேன்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மருந்து புழங்குகிற இடத்தில் குடிக்கிற பொம்பளையை எப்படி வைப்பது என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். கடைசியில் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் ஏற்றுகிற ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தாள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. சரம் பின்னிய விரல்களில் கல் ஏறி ஏறி நகங்கள் கறுத்து விழுந்தன. தூசியில் முடி வெளுத்தது. காலையில் சிவகாசிக்கு வந்து பஸ் பிடிக்கவேண்டும். நேரம் கடந்து வருகிறவர்களைக் காண்ட்ராக்டர் திருப்பி அனுப்பிவிடுவான்.

அப்படி நாலு வருஷம் போயிற்று. ஒரு நாள் காலை ரயில்வே கேட் அடைத்திருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நீளத்துக்கு நின்றன. சண்முகத்தாய் கேட்டுக்கு இந்தப் பக்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது.

"சண்முகத்தாயி தானே?"

பானுப்பிரியா சதை போட்டிருந்தாள். பக்கத்தில் யூனிபார்ம் போட்ட சிறுமி. காதும் நெற்றியும் மாறவில்லை, சினேகாதான்.

"ஆமா சின்னம்மா."

"எப்படி இருக்கே? ஆளே தெரியலையே. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு."

"கல்லுத் தூசி சின்னம்மா."

பானுப்பிரியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, டிரைவருக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தவள் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இன்னும் குடிக்கிறியா?"

சண்முகத்தாய் அந்த முகத்தையே பார்த்தாள். அதில் கிண்டல் இல்லை, பயம் இல்லை. நோயாளியிடம் காய்ச்சல் விட்டதா என்று கேட்கிற முகம். இந்த நாலு வருஷத்தில் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பாளோ. சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நடந்ததாகிவிட்டிருந்தது.

"யாரும்மா இது?" என்றது பிள்ளை.

"நம்ம வீட்டுல முன்னாடி வேலை பார்த்தவ. பாவம்."

"விட்டுட்டேன் சின்னம்மா" என்றாள் சண்முகத்தாய்.

"நல்லது. அப்படியே இரு. ஒருதரம் விட்டதை மறுபடியும் தொடாதே. குடும்பத்தையே அழிச்சுரும்."

"சரிங்க சின்னம்மா."

கேட் திறந்தது. ஆலங்குளம் பஸ் அவளுக்குப் பின்னால் வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. பானுப்பிரியா இன்னும் ஏதோ புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள், சாமிக்கு மாலை போட்டுக்கொள், மனசு நிலைக்கும் என்று. முதலாளி வீட்டு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டி எப்படிப் போவது? சண்முகத்தாய் தலையை ஆட்டியபடி நின்றாள். கார் நகர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் போனாள். காண்ட்ராக்டர் திருப்பி அனுப்பிவிட்டான்.

வெயிலில் வீட்டுக்கு வந்தாள். ஊர்க்காவலன் முதுகு பிடித்துக்கொண்டு அன்றைக்கு லோடுக்குப் போகாமல் படுத்திருந்தான்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட?" என்றான்.

"பஸ்ஸு போயிருச்சு" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.